கோப்பையோடு வருகிறவர்களுக்கு



இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்து, விருப்பப் பாடமாகப் பேச்சுக்கலையை எடுத்திருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் இந்த மடல். பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் முதலில் உங்கள் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். வீட்டு ஷோகேஸில் கோப்பைகள் நிற்கும். தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் நடத்தும் போட்டிகளில் 5,000, 3,000, 2,000 ரூபாய் என்று பரிசு உண்டல்லவா, அதில் ஏதோ ஒன்றின் சான்றிதழை அப்பா லேமினேட் செய்து வைத்திருப்பார். பேசத்தான் வருமே, இந்தத் தாளில் மதிப்பெண் தானாக விழும் என்ற நம்பிக்கையில் வந்திருக்கிறீர்கள்.

இந்த வகுப்பை நடத்துகிறவள் என்ற முறையில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் உங்களுக்குத்தான் சிரமம். மேடை என்றாலே கை நடுங்குகிற பிள்ளைகள் உங்களைவிடச் சீக்கிரம் தேறிவிடுவார்கள்.

போட்டி மேடையை நினைத்துப் பாருங்கள். கூடத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் உங்கள் பேச்சு அவர்களுக்கானதன்று. முன்வரிசையில் மதிப்பெண் தாளோடு அமர்ந்திருக்கும் மூன்று நடுவர்களுக்கானது. மற்றவர்கள் எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவிலிருந்து வரிசையாக அழைத்து வரப்பட்டவர்கள். அவர்களுக்குப் புரிந்ததா, சலித்ததா என்பதற்கு மதிப்பெண் தாளில் கட்டமே கிடையாது. உச்சரிப்பு, கருத்து, உடல்மொழி, நேரம் என்று நான்கு கட்டங்கள் இருக்கும். எச்சரிக்கை மணி அடித்ததும் முடிவுரைக்குத் தாவத் தெரிந்தால் போதும். பல வருடம் இப்படிப் பேசிப் பழகியவருக்கு, எதிரே இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே பார்க்காமலிருக்கும் ஒரு திறமை வந்துவிடுகிறது. கண் கூட்டத்தின் தலைக்கு மேலே ஓரிடத்தில் நிலைகுத்தி நிற்கும். கை தானாக உயரும். உணர்ச்சிகூட எந்த வரியில் வரவேண்டுமோ அந்த வரியில் வரும்.

அடுத்தது மனப்பாடம். பேச்சை எழுதித் தந்தவர் தமிழ் ஐயாவாகவோ அம்மாவாகவோ இருப்பார். நீங்கள் அதை வரி பிசகாமல் ஏற்றிக்கொண்டீர்கள். நினைவாற்றலை நான் குறைத்துச் சொல்லவில்லை. பண்டைய ரோமானியர்கள் பேச்சுக்கலையை ஐந்தாகப் பிரித்தபோது, பொருளைக் கண்டடைதல், ஒழுங்குபடுத்தல், நடை, நினைவு, வெளிப்பாடு என்று நினைவுக்கும் ஓரிடம் கொடுத்தார்கள். பள்ளிப் போட்டி அந்த ஐந்தில் கடைசி இரண்டை மட்டும் உங்களிடம் விட்டுவிட்டு, முதல் மூன்றையும் வேறு யாரோ செய்யும்படி வைத்துவிட்டது. கல்லூரி வகுப்பில் அந்த மூன்றும் உங்கள் தலையில் வந்து விழும். எதைப் பற்றிப் பேசுவது, எதில் தொடங்குவது, எதை விடுவது என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும். ‘மாண்புமிகு நடுவர் அவர்களே, அறிவிற் சிறந்த ஆசிரியப் பெருமக்களே’ என்ற வரிசை முடிந்ததும் அப்படியே நின்றுவிடும் மாணவரை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். அவருக்குப் பேச்சு வராமல் இல்லை. பேச வேண்டியதை இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்வதை வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனத்தில் இருக்கட்டும். நடுவில் வருபவை ஒரு சிறிய அட்டையில் ஐந்தாறு சொற்களாக இருந்தால் போதும். மனப்பாடப் பேச்சில் ஒரு வரி நழுவினால் அடுத்த வரியும் கூடவே போய்விடும். கருத்துகளின் வரிசை தெரிந்தவருக்குச் சொல் நழுவினாலும் வழி தவறாது.

இன்னொரு கெட்ட பழக்கமும் உங்களுக்கு உண்டு. வருத்தப்படாதீர்கள், சொல்லித்தான் ஆகவேண்டும். மேற்கோள்கள். ஒரே பொன்மொழியை ஒரே நாளில் ஒருவர் அப்துல் கலாம் சொன்னதாகவும், அடுத்தவர் விவேகானந்தர் சொன்னதாகவும், மூன்றாமவர் பெர்னார்ட் ஷா சொன்னதாகவும் முழங்க, மூவருக்கும் நடுவர்கள் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த வகுப்பில் ‘ஓர் ஆய்வு சொல்கிறது’ என்று தொடங்கினால் கை தூக்கி நிறுத்துவேன். யாருடைய ஆய்வு, எந்த ஆண்டு, நீங்கள் எங்கே படித்தீர்கள்? எழுத்தில் இதை அடிக்குறிப்பில் போட்டுத் தப்பிக்கலாம். பேச்சில் வாய்விட்டுத்தான் சொல்லியாக வேண்டும். அதையும் வாக்கியத்தின் ஓட்டம் கெடாமல் சொல்ல வேண்டும். பல வாரப் பயிற்சி இதற்கே போய்விடும். கைதட்டல் குறையும். பேச்சு கனக்கும்.

மூலத்தைப் பார்க்காமல் மேற்கோள் காட்டும் இந்தப் பழக்கம் பயிற்சியாளர்களுக்கும் உண்டு. தகவல்தொடர்பு வகுப்பு என்றாலே சிலர் கரும்பலகையில் 7, 38, 55 என்று எழுதிவிட்டு, நாம் சொல்வதில் சொற்களின் பங்கு ஏழு சதவீதம்தான், மீதி குரலும் முகமும் என்பார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். இந்த எண்கள் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளை ஒட்டி வந்தவை. அங்கே யாரும் மேடையில் பேசவில்லை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, கூடவே முகபாவப் படங்களைக் காட்டி, பேசுபவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல்லும் தொனியும் முரண்படும்போது, விருப்பு வெறுப்பை எதை வைத்து எடைபோடுகிறோம் என்பதுதான் கேள்வி. உணர்வு, மனப்பாங்கு பற்றிய பேச்சுக்கு வெளியே இதைப் பொருத்தக் கூடாது என்று மெஹ்ராபியனே பின்னாளில் தெளிவுபடுத்திவிட்டார். சொற்களுக்கு ஏழு சதவீதம்தான் என்றால், தெரியாத மொழியில் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினாலும் நமக்குத் தொண்ணூற்று மூன்று சதவீதம் புரிந்திருக்க வேண்டுமே! நீங்கள் நிற்கும் விதத்தையும் கையசைவையும் திருத்துவதற்கு நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. சொல்ல வேண்டியது மனத்தில் தெளிவாக இருப்பவரின் கை பெரும்பாலும் தானாகவே சரியான இடத்துக்குப் போய்விடுகிறது.

பயம் பற்றி இரண்டே வார்த்தை. உங்களுக்குப் பயமில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மனப்பாடத்தை எடுத்துவிட்டால் அது வந்துவிடும். கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் திடீரென்று பேசச் சொன்னார்கள். பேசியவர்கள் தங்கள் நடுக்கம் வெளியே தெரிந்ததாக எவ்வளவு நினைத்தார்களோ, அந்த அளவு கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. இதில் அழகு என்னவென்றால், உள்ளே இருக்கும் பதற்றம் வெளியே அவ்வளவாகத் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அதனால்தான் இப்போதே உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

இதைவிட எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி செய்தது. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனத்துக்குள் பாடிக்கொண்டு, அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. தட்டுகிறவரின் காதுக்குள் பல்லவி, சரணம், வாத்தியம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கின்றன. எதிரே இருப்பவருக்கு டொக் டொக் மட்டும்தான். இந்தச் சோதனையை வகுப்பில் செய்து பார்ப்போம். தட்டுகிறவரின் முகத்தில் வரும் எரிச்சலைக் கவனியுங்கள். ‘இதுகூடத் தெரியலையா?’ என்ற அந்த எரிச்சல் நம் ஊர்ப் பேராசிரியர்கள், மருத்துவர்கள், வங்கி அலுவலர்கள் முகத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! பேசுகிறவருக்குத் தான் சொன்னது கேட்டது. அதனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது என்று நம்பிவிடுகிறார்.

இதனால்தான் வகுப்பின் பெரும்பகுதியில் நீங்கள் பேசப்போவதில்லை. முப்பது பேர் வகுப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு நூற்றைம்பது நிமிடம். அதில் உங்களுடையது ஐந்து. மீதியெல்லாம் கேட்பதுதான். பேச்சு வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். தங்கள் முறை முடிந்ததும் கைபேசியை எடுத்துவிடுகிறார்கள். கோப்பைக்காரர்கள் அடுத்தவர் பேசும்போது உதட்டை அசைத்துத் தங்கள் பேச்சை ஒத்திகை பார்ப்பார்கள். போட்டியில் அது நியாயம். இங்கே அது பாடத்தைத் தவறவிடுவது. கேட்கும்போதுதான் தெரியும், எந்த நிமிடத்தில் நம் கவனம் கழன்றது, எந்த எண் காதில் நிற்கவில்லை, எந்த உதாரணம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்று. உங்கள் பேச்சைத் திருத்துவதற்கான அளவுகோல் அதுதான். அது உங்களுக்குள்ளேயே இருக்கிறது.

கேட்டதைச் சொல்லவும் பழக வேண்டும். பேச்சு முடிந்ததும் ‘சூப்பர்’, ‘நல்லா இருந்துச்சு’ என்பதெல்லாம் மரியாதை. பேசியவருக்குப் பயன்படாது. 1924இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒருவர் நேரம் பார்ப்பார். ஒருவர் தடுமாற்ற ஒலிகளை எண்ணுவார். ஒருவர் பேச்சை மதிப்பிட்டுப் பேசுவார். எண்ணும் வேலையை நம் வகுப்பிலும் வைத்திருக்கிறேன். ‘வந்து’, ‘அது என்னன்னா’, ‘ஆக்சுவலி’, ‘லைக்’. முதல் நாள் எண்ணிக்கையைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். தன்னுடைய எண்ணிக்கை வரும்போது சிரிப்பு நின்றுவிடும். (போட்டி மேடையில் எண்ணியிருந்தால் கோப்பைக்காரர்களுக்கு இதில் பூஜ்யம்தான் வந்திருக்கும். மனப்பாடத்தில் ‘வந்து’ ஏது?)

வள்ளுவரை இந்த இடத்தில் இழுப்பது உங்களுக்குப் பழக்கமான உத்திதான். ஆனால் குறளைச் சொல்லாமல் அதிகார வரிசையை மட்டும் பாருங்கள். சொல்வன்மை 65ஆம் அதிகாரம். அவையறிதல் 72. அவையஞ்சாமை 73. நாம் எல்லாப் பயிற்சியிலும் முதல் நாளே மேடைப் பயத்தைப் போக்குவதிலிருந்து தொடங்குகிறோம். அங்கே அவையை அறிவது முன்னால் நிற்கிறது, அஞ்சாமை அதற்குப் பின்னால். இந்த வரிசைக்கு ஏதோ காரணம் இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதிரே யார், அவர்களுக்கு என்ன தெரியும் என்று தெரிந்துகொண்டால், அஞ்சுவதற்கு மிச்சம் என்ன? தெரியாத கூட்டம்தானே பயமுறுத்துகிறது. இன்னொன்று, இவை எல்லாமே அமைச்சியலில் இருக்கின்றன. சொல்வன்மைக்கு அடுத்து வருவது வினைத்தூய்மை. காரியம் ஆற்ற வேண்டியவனுக்கான பேச்சு அது.

‘மேடைப் பேச்சு தமிழனின் ஈராயிரம் ஆண்டுச் சொத்து’ என்று நீங்கள் முழங்கியிருப்பீர்கள். புலவர் அவையும் கதாகாலட்சேபமும் பழையவை, சரி. முன்பின் தெரியாத பொதுமக்கள் கூட்டத்தைப் பார்த்துத் தமிழில் உரையாற்றுவது அவ்வளவு பழையதில்லை. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் இருந்து, பீட்டர் பெர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், பாதிரிமார்களின் பிரசங்க முறையை உள்ளிருந்தே பார்த்தவர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். எதிர்த்தரப்பின் கருவியை வாங்கித் தன் தரப்புக்குப் பயன்படுத்தினார் என்று சொல்லலாம். அறுபது ஆண்டு கழித்து, 1907 மே மாதம் வங்கத் தலைவர் பிபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் பேசியபோதும் பேச்சு ஆங்கிலத்தில்தான். மறு ஆண்டு தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்களிடம் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசினார்கள். ஆலை நின்றது, மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். தமிழ்ப் பேச்சுக்கு என்ன வலிமை என்று அரசாங்கத்துக்கு அன்று தெரிந்தது.

நீங்கள் பேசும் அந்த அடுக்குமொழி இன்னும் புதியது. மதுரையில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட், தமிழ் மேடைப் பேச்சும் திராவிட அழகியலும் பற்றி 2009இல் வெளிவந்த நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பெரியார் மேடையில் பேச்சுத் தமிழிலேயே மணிக்கணக்காகப் பேசினார். அண்ணாவும் அவரைப் பின்தொடர்ந்தவர்களும்தான் செந்தமிழை மேடை மொழியாக்கினார்கள். அது அந்தக் காலத்து அவையை அறிந்து எடுத்த முடிவு. அந்த அவை போய்விட்ட பிறகும் நாம் நடையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். காமராசர் பிறந்தநாளில், எதற்கும் ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்று ரத்தினச் சுருக்கமாகப் பேசிய மனிதரைப் பற்றி, மூச்சு முட்ட எதுகை மோனையில் பேசிப் பரிசு வாங்குகிறோம். அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

இனி உங்களுக்கு உண்மையிலேயே வலிக்கப்போகிற இடம். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழும் கல்லூரிகளுக்கு ஆங்கிலத் தொடர்புத்திறன் வகுப்புகள் வந்திருக்கின்றன. வேலைக்கு அது தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பேச்சுக்கலை வகுப்பு ஆங்கில வகுப்பாகச் சுருங்கிவிடும்போது ஓர் அநியாயம் நடக்கிறது. தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைக்குச் சொல்ல விஷயம் இருக்கும். ஆனால் முதல் வாக்கியத்தின் வினைச்சொல்லிலேயே சிக்கிக்கொள்வார். சரளமாகப் பேசும் இன்னொருவர் ஒன்றுமே சொல்லாமல் ஐந்து நிமிடத்தைக் கடத்திவிடுவார். மதிப்பெண் யாருக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர். வீட்டில் எல்லோரும் சேகோ ஆலையில் வேலை. ஜவ்வரிசி எப்படித் தயாராகிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நின்றுவிட்டார். தமிழில் சொல்லுங்கள் என்றேன். கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி அரைப்பது, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிடுவது, அடியில் படிந்த மாவை ஈரத்தோடு எடுத்துப் பொடித்துக் குலுக்கினால் அது ஏன் உருண்டையாகத் திரள்கிறது, அதைச் சூடான தட்டில் வறுத்துக் களத்தில் காயவைக்கும்போது திடீரென்று மழை வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்றெல்லாம் சொன்னார். குலுக்குவதைச் சொல்லும்போது இரண்டு கையும் தாமாகவே குலுக்கின. நகரத்துப் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள்: அது அரிசி இல்லையா? மாவு ஏன் புளிக்கவில்லை? சில வாரம் கழித்து அதே பேச்சை ஆங்கிலத்தில் பேசினார். இலக்கணப் பிழைகள் இருந்தன. ஆனால் நிற்கவில்லை. எதற்குப் பின் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கே கேள்வி வரும் என்றும் தெரிந்திருந்தது. தேவையான ஆங்கிலச் சொற்களைத் தேடி எடுத்து வந்திருந்தார்.

அதற்குப் பிறகு முதல் இரண்டு சுற்றுப் பேச்சை அவரவர் வீட்டுத் தமிழிலேயே பேச அனுமதிக்கிறேன். பாடத்திட்டக் குழுவில் இதற்கு எதிர்ப்பு உண்டு. ஆங்கிலத்தில் பேசத்தானே வகுப்பு என்கிறார்கள். வலங்கைமானில் பிறந்து, ஆங்கில மேடைகளில் வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று பேரெடுத்த சீனிவாச சாஸ்திரியின் உதாரணத்தைச் சொல்வார்கள். அந்த ஆங்கிலம் அவருக்கு வகுப்பில் ஒரே பருவத்தில் வந்துவிடவில்லையே. ஒரே நேரத்தில் மொழியையும் பேச்சையும் சேர்த்துத் தலையில் ஏற்றினால் இரண்டும் விழும் என்பதுதான் என் கட்சி. இதில் கோப்பைக்காரர்களான உங்களுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. தமிழ் என்றேன், மேடைத் தமிழ் என்று சொல்லவில்லை. அம்மாவிடம் பேசுகிற தமிழில் ஐந்து நிமிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் திணறுகிறவர்களைவிட நீங்கள் அதிகம் திணறக்கூடும்.

பருவத்தின் பிற்பகுதியில் இணங்கவைக்கும் பேச்சு வரும். அமெரிக்கப் பாடநூல்களிலிருந்து வந்த ஆலன் மன்றோவின் ஐந்து படி முறையைச் சொல்லித் தருவேன்: கவனத்தை ஈர், தேவையைக் காட்டு, தீர்வைக் கொடு, அது நடந்தால் எப்படியிருக்கும் என்று காட்சிப்படுத்து, செயலுக்கு அழை. வேலை செய்யும் முறைதான். விற்பனையாளரின் வாடை அடிக்கும் முறையும்தான். தொலைக்காட்சி விளம்பரங்களில் இந்த ஐந்து படிகளையும் கண்டுபிடிக்கச் சொல்வேன். ஏறத் தெரிவதோடு, அடுத்தவர் நம்மை ஏற்றும்போது எந்தப் படியில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வதும் தேர்வில் வரும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். முதல் பேச்சுக்கான தலைப்பை இரண்டாம் வகுப்புக்கு வரும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். தலைப்பு எதுவாகவும் இருக்கலாம். அதற்குக் கீழே மூன்று வரி எழுத வேண்டும்: வகுப்பில் இருப்பவர்களுக்கு இதைப் பற்றி இப்போது என்ன தெரியும், எதைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். ஊகித்து எழுதினால் படித்ததும் கண்டுபிடித்துவிடுவேன். குறைந்தது மூன்று பேரிடமாவது நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள். அவர்கள் உங்கள் பள்ளியிலிருந்து வந்தவர்களாக இருக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பேச்சுக்கலை ஆசிரியை